கையை வீசி நடப்போம், குடும்பத்தோடு நடப்போம்

(தோட்டப் பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதாந்தக் குடும்ப நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழை தூறிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து, வீட்டில் உலை வைக்க வேண்டிய நேரத்தில் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே வளவளவென்று பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கிணற்றுத் தண்ணீர், மலசலகூடம், டெங்கு, பிள்ளைகளின் நிறை என்று தான் பேசுவோம். இன்றைக்கு நடப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். குடும்பமாக, பிள்ளை குட்டியோடு, ஒரு பூங்காவில் மெதுவாக நடந்து வருவதைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சிரிப்பீர்கள் என்று தெரியும். போன வருடக் கடைசியில் இந்த யோசனையை முதன் முதல் சொன்னபோது மேல் லயத்துப் பாட்டி ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏன் ஐயா, விடிஞ்சா பொழுது போனா மலையில நடக்கிற ஜனம் நாங்க. லீவு நாள்லயும் நடக்கச் சொல்றீங்களா? இது நல்லா இருக்கா?"

நல்ல கேள்வி. அதற்கு அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. அந்தப் பாட்டியும் இங்கே தான் உட்கார்ந்திருக்கிறார். பதிலில் பாதி அவரே எங்களுக்குச் சொல்லித் தந்தது.

மலையில் நடப்பதும் கையை வீசி நடப்பதும்

கொழுந்து எடுக்கிற தாய்மாரின் நடை எப்படிப்பட்டது என்று நாம் எல்லோருக்கும் தெரியும். கூடைக் கயிறு தலையில். இடுப்பில் படங்கு. கால் வைக்கிற இடத்தில் வழுக்கல், கல், அட்டை. கண் முழுக்க கொழுந்தில். மனசு முழுக்க நிறுவையில். இத்தனை கிலோ வந்தால் தான் முழுப் பேரு, இல்லாவிட்டால் அரைப் பேரு. அந்த நினைப்போடு நடக்கிற நடை அது.

அதுவும் உடம்புக்கு அசைவு தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பாரத்தோடு, குனிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிற நடை. பொழுது சாயும்போது இடுப்பும் முழங்காலும் பிடரியும் என்ன பாடு படுகிறது என்று சொல்லத் தேவையில்லை. கையில் ஒன்றும் இல்லாமல், நிமிர்ந்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, பக்கத்தில் பிள்ளையோடு பேசிக்கொண்டு போகிற நடை வேறு. முந்தியது வேலை, பிந்தியது உடம்புக்கும் மனசுக்கும் கொடுக்கிற ஆறுதல்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோருமா மலையில் நடக்கிறோம்? ஸ்டோரில் மெசினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கிறவர் நடப்பதில்லை. பாடசாலை விட்டு வந்து கைத்தொலைபேசியோடு மூலையில் உட்காருகிற பிள்ளை நடப்பதில்லை. நாற்பது வருடம் கூடை சுமந்துவிட்டுப் பென்சன் வாங்கிய அம்மா, அடுத்த நாளில் இருந்தே இஸ்தோப்பில் உட்கார்ந்து விடுகிறார். ஆனால் சாப்பாடு குறையவில்லை. அதே ரொட்டி, அதே சோறு, மூன்று கரண்டி சீனி போட்ட அதே தேத்தண்ணி. கொஞ்ச நாள் போக, கிளினிக் கொப்பி வீட்டுக்கு வந்து விடுகிறது. ஒரு பக்கம் சீனி வருத்தம், ஒரு பக்கம் பிரஷர். இந்த டிவிசனில் எந்த லயத்தில் அந்தக் கொப்பி இல்லை என்று கேட்டால் பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்கள் ஒரு கிழமைக்கு ஆகக் குறைந்தது 150 நிமிடமாவது உடம்பை மிதமாக அசைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஐந்து நாளைக்குப் பிரித்தால் நாளைக்கு அரை மணித்தியாலம். ஐந்து வயது தொடக்கம் பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு சராசரி 60 நிமிடம் ஓடியாடித் திரிய வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், மெசின் வேண்டாம். காலும் மனசும் போதும்.

நமது பாட்டன்மார் நடந்த நடை

நடை என்றால் நமது சனங்களுக்குப் புதிய விடயம் இல்லை. கோப்பிக் காலத்தில் நம்முடைய பாட்டன் பூட்டன்மார் இராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி, தலைமன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, வாந்திபேதி. பாதையிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல இன்றைக்கு யாரும் இல்லை.

1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவு கூர்ந்தார்கள். அந்த வருடம் யூலை 28இல் தலைமன்னாரில் இருந்து புறப்பட்டு, ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிகிற மாதிரி, 250 கிலோமீற்றருக்கு மேல் ஒரு நடைபவனியும் நடந்தது. "மாண்புமிகு மலையக மக்கள்" என்ற பெயரில் பல அமைப்புகள் சேர்ந்து செய்தார்கள். வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள்.

அவர்கள் கட்டாயத்துக்கு நடந்தார்கள். நாம் விருப்பத்துக்கு நடக்கலாம். இரண்டு நூறு வருடம் கழித்து நமக்கு அந்த உரிமை உண்டு என்பது எங்கள் எண்ணம்.

தை மாதப் போயாவில் நடந்தது

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். இந்த வருடம் தை மாதப் போயா தினத்தில் நமது டிவிசனில் இருந்து பதினொரு குடும்பங்கள் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போய் வந்தோம். ஏன் போயா தினம் என்று சிலர் கேட்டார்கள். ஒன்று, எல்லோருக்கும் லீவு. இரண்டு, அன்றைக்குத் தவறணை பூட்டு. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? (சிரிப்பு)

விக்டோரியா பூங்காவை அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. டவுணில், செங்கல் தபால் கந்தோருக்குக் கிட்ட, பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்தே போகிற தூரம். 1897இல், விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபது வருடம் ஆனதை ஒட்டி அந்தப் பெயர் வைத்தார்கள். 27 ஏக்கர் அளவு. உள்ளே பெரிய பெரிய மரங்கள், பூப்பாத்திகள், புற்தரை, ஓர் ஓடை, சிறுவர்கள் விளையாட இடம். முக்கியமான விஷயம், பாதை சமதரை. ஏற்றம் இறக்கம் பெரிதாக இல்லை. கைப்பிள்ளைக்காரியும், முழங்கால் வலிக்காரரும், தடி ஊன்றுகிற தாத்தாவும் போகலாம். ஆற அமரச் சுற்றி வந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். களைத்தால் இடையிடையே வாங்கில் உட்காரலாம்.

எல்லோருக்கும் தெரிந்த இடம் தான். ஆனால் அந்தப் பதினொரு குடும்பத்தில் எத்தனை பேர் அதற்கு முதல் உள்ளே போயிருந்தார்கள் என்று கேட்டோம். நாலைந்து பேர் தான் கை தூக்கினார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கும் அடையாள அட்டைக்கும் தீபாவளி உடுப்புக்கும் டவுணுக்கு வந்து, கம்பி வேலிக்கு வெளியே நின்று பூவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

வாசலில் ஒரு காரியம் நடந்தது. நமது பாட்டி, ஆரம்பத்தில் கேள்வி கேட்டாரே அவர், டிக்கட் கவுண்டருக்கு முன்னால் நின்று விட்டார். "ஐயா, எங்கள உள்ளுக்கு விடுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் கொழுந்து பறித்தவர். அந்த டவுணில் வந்து போகிற வெளிநாட்டுக்காரர் குடிக்கிற தேத்தண்ணியில் அவர் கை பட்ட கொழுந்தும் இருக்கும். அவர் கேட்கிறார், உள்ளே விடுவார்களா என்று.

அவருடைய டிக்கட்டை அவர் கையிலேயே கொடுத்தோம். கவுண்டரில் இருந்த ஐயாவும் நல்ல மனிதர். "என்ன அம்மே" என்று சிங்களத்தில் கூப்பிட்டு வழி காட்டினார். பாட்டி அந்த டிக்கட் துண்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். இப்பவும் அது அங்கே இருக்கிறது, வேண்டுமென்றால் காட்டுவார்.

எங்கள் பக்கம் நடந்த பிழைகள்

நல்லதை மட்டும் சொன்னால் சரியில்லை. அன்றைக்கு எங்கள் பக்கம் மூன்று பிழை நடந்தது. அதையும் சொல்கிறோம், அடுத்த முறை நடக்கக் கூடாது.

முதலாவது, காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னோமே தவிர, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிற பெரியவர் ஒருவர், குளிசையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்து விட்டார். பூங்காவுக்குள் பத்து நிமிடம் நடப்பதற்குள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றி உட்கார்ந்து விட்டார். நல்ல வேளை, ஒரு சின்னப் பிள்ளையின் பையில் டொபியும், போத்தலில் சீனி போட்ட சாயத் தண்ணியும் இருந்தன. அதைக் கொடுத்து, பிறகு ரொட்டித் துண்டும் கொடுத்த பின் கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இரண்டாவது, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு, "வாங்க வாங்க, சுணங்காதீங்க" என்று கூட்டிக்கொண்டு போனோம். பாதிச் சுற்றுப் போனதும் ஒரு தங்கச்சி சொன்னார், "ஐயா, இது பிரட்டுக் கணக்கா இருக்கு. கூடை மட்டும் தான் இல்ல." திரும்பிப் பார்த்தால் உண்மை தான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் பின் ஒருவராக வேகமாக வருகிறார்கள். ஒருவரும் மரத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையோடு பேசவில்லை. அப்போது தான் நமக்கு உறைத்தது. உடனே நிறுத்தினோம். "குடும்பம் குடும்பமாகப் போங்கள். விருப்பமான இடத்தில் நில்லுங்கள். பதினொரு மணிக்கு எல்லோரும் இந்தப் பெரிய மரத்தடிக்கு வந்தால் போதும்" என்று விட்டோம். அதற்குப் பிறகு தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மூன்றாவது பிழை தான் பெரிது. பேர் கொடுத்த இரண்டு குடும்பங்கள் அன்றைக்கு வரவில்லை. காய்ச்சல், வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் நம்பிவிட்டோம். ஒரு கிழமை கழித்து லயத்துக்குப் போய்ப் பேசியபோது அதில் ஒரு தாய் உண்மையைச் சொன்னார்: "பிள்ளைக்கு சப்பாத்து இல்ல. எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு வருவாங்க. டவுணுக்கு இப்படியே எப்படிக் கூட்டிக்கிட்டு வாரது?" அந்தப் பிள்ளை அன்று காலை பஸ் போகிற வரைக்கும் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாம்.

இதை முன்னமே போய்க் கேட்டிருக்க வேண்டியது எங்கள் கடமை. கேட்கவில்லை. ஆகவே இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம்: இந்த நடைக்குச் செருப்பு போதும். பாடசாலை உடுப்பு போதும். துவைத்த சட்டை போதும். புது உடுப்பு உடுத்திக்கொண்டு வர வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம். ஒரு வீட்டுக்காரர் சோடித்துக்கொண்டு வந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை வீட்டில் நின்று விடும்.

காஷ்மீரில் இருந்து வந்த குருவி

அன்றைக்கு ஓடைப் பக்கம் ஒரு சிங்களத் தம்பி தூரக்கண்ணாடியோடு நின்றார். குருவி பார்க்க வந்தவர். நமது பிள்ளைகள் போய் சூழ்ந்து கொண்டார்கள். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்க விட்டார். சிவந்த நெஞ்சோடு ஒரு சின்னக் குருவி, கைக்குள் அடங்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பெயர். இமயமலைப் பக்கம், காஷ்மீரில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் தொடங்கியதும் புறப்பட்டு, இந்தியாவைக் கடந்து, கடலையும் கடந்து நமது மலைநாட்டுக்கு வருகிறது. ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி வரை நிற்கும். பிறகு திரும்பிப் போய்விடும். விக்டோரியா பூங்கா இந்த மாதிரிக் குருவிகளைப் பார்க்கப் பேர்போன இடம். ஆறுமணிக் குருவியும் இப்படி வந்து போகிற குருவி தான்.

இந்தக் குருவி இங்கே மட்டுமா வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. நீலகிரிப் பக்கமும் போகும் என்று அந்தத் தம்பி சொன்னார். நாங்கள் தமிழில் சொன்னதும் நமது பாட்டி கிட்ட வந்தார். "நீலகிரிக்கா? கோத்தகிரிக்கா?" என்று கேட்டார். பாட்டியின் தங்கச்சி குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில், ரயில் ஏறித் தலைமன்னார் போய், கப்பல் ஏறிப் போன குடும்பம். கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தில் தான் வேலைக்கு நின்றார்களாம். முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்று விட்டது.

பாட்டி தூரக்கண்ணாடியை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "அப்போ அவளும் இதப் பாத்திருப்பா" என்றார். அவ்வளவு தான் சொன்னார். பிறகு வீடு வருகிற வரைக்கும், பஸ்ஸில், தன் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கச்சியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு சின்னப்பாட்டி இருக்கிறார் என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தான் தெரியும்.

ஸ்டோரில் இராத்திரி வேலை செய்கிற தகப்பன் ஒருவர். அவர் தூங்கி எழும்பும்போது பிள்ளை பாடசாலையில். பிள்ளை படுக்கும்போது அவர் ஸ்டோரில். ஆறாம் ஆண்டு படிக்கிற அந்தப் பையன் அன்றைக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்ன மரம், அது என்ன மரம் என்று கேட்டுக்கொண்டே போனான். தெரிந்ததை அப்பா சொன்னார். தெரியாததுக்கு இரண்டு பேரும் சேர்ந்து பலகையில் எழுதியிருந்த பேரை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். "அவங்க ரெண்டு பேரும் இம்புட்டு நேரம் பேசி நான் பாத்ததே இல்ல" என்று அந்தத் தாய் எங்களிடம் சொன்னார். லயக் காம்பராவில் பத்தடிக்குப் பத்தடியில் ஆறு பேர் இருக்கிறோம். நெருக்கம் இருக்கிறது, பேச இடம் இல்லை. அந்த இடத்தைத் தான் இந்த நடை கொடுக்கிறது.

இனிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் குளிசை எடுத்தால் கட்டாயம் சாப்பிட வேண்டும். பையில் இரண்டு டொபி அல்லது ஒரு துண்டு சக்கரை வைத்திருங்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் மட்டும் ஒன்றும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். சின்னப் புண்ணும் அவர்களுக்குப் பெரிய வினை.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால், மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் நின்று விடுங்கள். வெட்கப்பட வேண்டாம். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று பிரஷர்க் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் மெதுவாக நடப்பது நல்லது தான், ஆனால் முதலில் மருத்துவிச்சி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, ஒரு குடை. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். வெயில் அடிக்கும்போதே பனி மூடும். தை, மாசி மாதங்களில் காலைக் குளிர் கடுமை, ஆனால் மழை குறைவு, கூட்டமும் குறைவு. சித்திரை சீசனில் கொழும்பே அங்கே வந்து நிற்கும். சின்னப் பிள்ளைகளோடு அப்போது போக வேண்டாம், கூட்டத்தில் தவற விடுவீர்கள்.

பூவைப் பறிக்க வேண்டாம். ஒரு பிள்ளை பறித்தால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத் தான் பேச்சு வரும். பொலித்தீன், பிஸ்கட் கடதாசி எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். குளவிக் கூட்டைக் கண்டால் கல் எறிய வேண்டாம், சத்தம் போடாமல் விலகிப் போங்கள். குளவி என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிக்கட் விலையும் பஸ் காசும் காலத்துக்குக் காலம் மாறும். போகுமுன் எங்களிடம் கேளுங்கள், விசாரித்துச் சொல்வோம். இந்தப் பிள்ளைக் காம்பராவில் ஓர் உண்டியல் வைத்திருக்கிறோம். சம்பள நாளில் ஒவ்வொரு குடும்பமும் முடிந்ததைப் போடலாம். போட முடியாத குடும்பமும் வரலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று பேர் எழுத மாட்டோம்.

டவுணுக்குப் போகாமலும் நடக்கலாம்

ஒவ்வொரு மாதமும் டவுணுக்குப் போவது கஷ்டம். ஆகவே நமது தோட்டத்துக்குள்ளேயே ஒரு நடையைப் பார்த்து வைத்திருக்கிறோம். பிள்ளைக் காம்பராவில் புறப்பட்டு, கோயிலைச் சுற்றி, பழைய ஸ்டோர் ரோட்டால் விளையாட்டு மைதானம் வரைக்கும். ரோடு சமமாக இருக்கிறது. போய் வர அரை மணித்தியாலம். பெரிய துரையிடமும் சொல்லி, ரோட்டோரத்துப் புல்லை வெட்டித் தரக் கேட்டிருக்கிறோம். சரி என்று சொல்லியிருக்கிறார்.

தோட்டத்து ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ நடைபாதை என்று ஒன்று இப்போது இருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். அது யாரும் புதிதாக வெட்டிய பாதை இல்லை. பெரும்பாலும் பழைய தோட்டத்து ரோடுகளும் நம்முடைய ஆட்கள் காலால் போட்ட குறுக்குப் பாதைகளும் தான். உலகத்தின் எந்தெந்த மூலையில் இருந்தோ காசு செலவழித்து வந்து அதில் நடக்கிறார்கள். நமது பாதைக்கு அவ்வளவு பெறுமதி இருந்தால், நாமும் ஒரு நாள் அதில் கூடை இல்லாமல் நடந்து பார்க்கலாம் தானே?

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால், நுவரெலியா டவுணில் இருந்து 2 கிலோமீற்றர் அளவில் கல்வேஸ் லேண்ட் இருக்கிறது. 1938இல் சரணாலயமாக்கி, 2006இல் தேசிய பூங்காவாக்கினார்கள். 29 ஹெக்டயர் அளவான சின்னக் காடு. அதையும் ஒரு நாள் பார்ப்போம். முதலில் விக்டோரியா பூங்காவில் கால் பழகட்டும்.

முடிவாக

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இங்கிருந்து மைதானம் வரைக்கும் நடக்கிறோம். வரப்போகிற போயா தினத்தில் திரும்பவும் விக்டோரியா பூங்கா. பேர் கொடுக்க நீங்கள் எங்களைத் தேடி வர வேண்டாம். இந்த முறை நாங்களே ஒவ்வொரு லயத்துக்கும் வருவோம். என்ன தடை என்று கேட்போம். மறைக்காமல் சொல்லுங்கள். செருப்பு என்றால் செருப்பு, பஸ் காசு என்றால் பஸ் காசு, வீட்டுக்காரர் விடவில்லை என்றால் வீட்டுக்காரரோடு பேசுவோம்.

போன முறை இஸ்தோப்பில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் பேரைத் தான் முதல் பேராக எழுதியிருக்கிறோம். தாயும் சரி என்று சொல்லிவிட்டார்.

பாட்டி இப்போது தினமும் பின்னேரம் கோயில் வரைக்கும் நடக்கிறார். போன கிளினிக்கில் பிரஷர் கொஞ்சம் குறைந்திருப்பதாக டொக்டர் ஐயா சொன்னாராம். குளிசையும் எடுக்கிறார், நடையும் நடக்கிறார், உப்பும் குறைத்திருக்கிறார், மூன்றும் சேர்ந்து தான். "லீவு நாள்லயும் நடக்கச் சொல்றீங்களா" என்று கேட்டவர், வருகிற ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் நடப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் பிந்த விடாமல் நாம் நடந்தால் போதும்.

பின்னால் தேத்தண்ணி இருக்கிறது. சீனி குறைத்துத் தான் போட்டிருக்கிறோம், குறை நினைக்க வேண்டாம்.